யாரோ ஊற்றிய ஆயில்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. பட்டிபுலம் கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஓர் ஆணின் பிணம் கிடந்தது. பெயர் மணி. செங்கல்பட்டில் பழைய கார் புரோக்கர். பின்மண்டையில் ஒரே அடி.

அதே காலை, செங்கல்பட்டில் ரேணுகா தன் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள்.

கையில் ஆயில் ஸ்டிக்.

அதில் ஆயில்... மேல் கோடு வரை!

நேற்று மாலை மாமல்லபுரத்தில் ரிசார்ட் வேலை முடிந்து திரும்பும்போதே டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. வீட்டிலிருந்த கேனும் காலி. காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டாள்.

அப்படியானால் ஊற்றியது யார்?

கணவன் இறந்து நாலு வருஷம். மகள் பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன். சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்கவே ஆளில்லாத தெருவில், அவள் காருக்கு ஆயில் ஊற்ற யார் வருவார்கள்?

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"இன்னாம்மா, இது உன் வண்டியா?" ஏட்டு எல்லப்பன் இறங்கினார்.

"ஆமா சார். இன்னா விஷயம்?"

"சாவியக் குடு. ஸ்டேஷனுக்கு நீ ஜீப்ல வா. வண்டிய நான் எடுத்தாரேன்."

*

இன்ஸ்பெக்டர் ஏசுதாஸ் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதுதான் பயமாக இருந்தது.

"மணியைத் தெரியுமா?"

"எனக்குக் கார் வித்தவரு சார்."

"செத்துட்டாரு."



"ஐயோ... எப்டி சார்?"

"கொலை. ராத்திரி உங்க கார் தோப்புப் பக்கம் போயிட்டுத் திரும்பியிருக்கு. ஈசிஆர் ஓட்டல் கேமராவுல நம்பர் தெளிவா இருக்கு."

"இல்ல சார்! வண்டி வூட்டாண்டதான் நின்னுகினு இருந்திச்சு. நான் தூங்கிட்டேன்!"

"யார் பார்த்தா?"

ரேணுகா யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.

"டிவி ஓடிகினு இருந்திச்சு சார்..."

"டிவி கோர்ட்டுக்கு வராதும்மா. சாவி?"

"ஏங்கிட்டதான். ரெண்டாவது சாவி தொலைஞ்சி பூட்ச்சுன்னு மணி சொன்னாரு."

ஏசுதாஸ் நாற்காலியில் சாய்ந்தார்.

"தினமும் மணிக்குப் போன் பண்ணியிருக்கீங்க. எதுக்கு?"

"வண்டி ஆயில் குடிக்குது சார். விக்கும்போது கெட்டி ஆயில ஊத்திப் பொகைய மறைச்சிட்டாங்க. ஒரே வாரம்... பின்னாடி நீலப் பொகை! கொசு மருந்து அடிக்க வர்றாங்கன்னு தெருவுல கதவ சாத்திக்கிறாங்க."

எல்லப்பன் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"அதுக்குத் தினமுமா?"



முதல் மாதம் ரேணுகா திட்டுவதற்குத்தான் கூப்பிட்டாள். மணி ஒருநாள்கூடப் போனை எடுக்காமல் இருந்ததில்லை. 'இன்னாக்கா, இன்னிக்கு எவ்ளோ குட்ச்சிச்சு?' என்பான். 'வண்டி குட்ச்சிச்சு சரி, நீ நாஸ்தா துன்னியா?' என்பான். பல நாள்களில் அவளிடம் அன்போடு பேசிய ஒரே மனிதக் குரல் அது. பிறகு ஆயில் குறையாத நாள்களிலும் கூப்பிட்டாள். குறைந்துவிட்டது என்று பொய் சொன்னாள்.

இதை ஓர் இன்ஸ்பெக்டரிடம் எப்படிச் சொல்வது?

"கோவம் சார்" என்றாள். "கோவம் ஆறவே இல்ல."

சொல்வதற்கு அதுதான் சுலபமாக இருந்தது. தூக்குக் கயிற்றில் தானே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"சார்! நேத்து வண்டில ஆயில் இல்ல. காலைல பாத்தா ஃபுல்லா கீது! வண்டிய எட்த்தவன் ஊத்திக்கினு போயிருக்கான்!"

"எல்லப்பன், போய்ப் பாருங்க."

போன எல்லப்பன் அசடு வழியத் திரும்பினார்.

"சார், பானெட்டு தொறக்கல. உள்ள இருந்த லீவர இஸ்த்தேன்... கையோட வந்துட்ச்சு!"

"அது வேலை செய்யாது சார்" என்றாள் ரேணுகா. "முன்னாடி கிரில்லுக்குள்ள வெரல வுட்டா ஒரு கம்பி மாட்டும். அத்த இஸ்க்கணும். வாங்கும்போதே அப்டித்தான். மணிதான் காட்னாரு."

அவள் சொன்னபடியே திறந்தது. ஆயிலும் இருந்தது.

ஏசுதாஸ் அவளையே பார்த்தார்.

"ஆக, இந்த வண்டி ஆயில் குடிக்கும்னு தெரிஞ்சவன் எடுத்திருக்கான். அந்தக் கம்பியும் அவனுக்குத் தெரியும்."

"ஆமா சார்!"

"தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. மணி செத்துட்டாரு. மிச்சம் யாரு?"



"எனக்கு முன்னாடி ஓட்னவரு சார்..."

"யாரு அவரு?"

"தெரியாது."

ஆர்சி புத்தகத்தில் ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. அவர் வண்டியை விற்று ஆறு வருஷமாகிறது. இடையில் வண்டி எத்தனை கை மாறினாலும் பெயரை மாற்ற மாட்டார்கள். முதல் ஆள் போட்ட கையெழுத்தோடு படிவம் மட்டும் வண்டியோடு போய்க்கொண்டிருக்கும். பழைய கார் வியாபாரத்தில் அதுதான் வழக்கம்.

ரேணுகாவைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

*

மதியம் தீனதயாளன் வந்தான். மணியின் கூட்டாளி. கண்கள் சிவந்திருந்தன. ரேணுகாவைக் கண்டதும் கத்தினான்.

"இந்தம்மாதான் சார்! டெய்லி போன்ல டார்ச்சரு. ஆயிலு ஆயிலுன்னு என் மச்சான் உசுரையே குட்ச்சிட்ச்சு சார்!"

"உட்காருப்பா. இந்த வண்டி உங்க பழைய கார் யார்டுல இருந்ததா?"

"இல்ல சார். மணி தனியா பண்ண யாவாரம். நான் இந்த வண்டிய கண்ணால பாத்ததே இல்ல."

ஏசுதாஸ் எழுதிக்கொண்டார். பிறகு வாசலுக்கு அழைத்துப் போனார். ரேணுகா ஜன்னல் வழியே பார்த்தாள்.

"பாடி சாயங்காலம் குடுத்துடுவாங்க. காரியமெல்லாம் யாரு?"

"நான்தான் சார். அவனுக்கு வேற யாரு கீறாங்க?"

"பாவம். தீனா, எங்க ஏட்டு ஜீப்புக்குக் குறுக்க இந்தக் காரை நிறுத்திட்டாரு. கொஞ்சம் ஓரங்கட்டேன்." சாவியை நீட்டினார். "குடும்பம் உண்டா மணிக்கு?"

"அக்கா ஒருத்தங்க ஆற்காட்டுல சார்... சொல்லி அனுப்சிகீறேன்..."

பேசிக்கொண்டே தீனதயாளன் காரை நெருங்கினான். கதவுப் பக்கம் போகவில்லை. நேராக முன்பக்கம் போய்க் குனிந்தான். விரல் கிரில்லுக்குள் நுழைந்தது.

டக்!

பானெட் திறந்தது. ஆயில் ஸ்டிக்கை உருவி, கைக்குட்டையில் துடைத்து, மறுபடி விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து...

அப்படியே உறைந்தான்.



"ஆயில் போதுமா தீனா?" என்றார் ஏசுதாஸ். "எங்க ஏட்டுக்கு அப்படி ஒரு கம்பி இருக்கறதே தெரியல. நீ பார்க்காமலே எடுத்துட்டியே!"

தீனதயாளன் ஓடினான். கேட்டருகே எல்லப்பன் காலை நீட்டினார். அவ்வளவுதான்.

*

ரெண்டாவது சாவி அவன் யார்டு மேஜையில் கிடைத்தது. ரெண்டு வருஷம் அவன் ஓட்டிய வண்டி. ஒருநாளும் ஆயில் பார்க்காமல் சாவி போட்டதில்லை. கொலைக்குக் கிளம்பிய ராத்திரியிலும் அந்தப் பழக்கம்தான் ஆயிலை ஊற்ற வைத்தது.

"ஏண்டா கொன்ன?"

தீனதயாளன் தரையைப் பார்த்தே பேசினான்.

"அந்தம்மா வண்டிய திருப்பி எட்த்துக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான் சார். 'தெனிக்கும் போன் பண்து, ரொம்பக் குடிக்குதாம், தனியா கீற பொம்பள பாவம்'ன்னான். எடுக்கலன்னா நான் பொகைய மறைச்சு வித்த எல்லா வண்டியையும் ஊருக்கே சொல்லிடுவேன்னான். பேஜாரா பூட்ச்சு. அந்தம்மா சண்டை ஊருக்கே தெரியும்... பழி அதும் மேல போவட்டும்னு அது வண்டியவே எட்த்தேன்."

சுவரோரம் பெஞ்சில் இருந்த ரேணுகாவுக்கு எல்லாம் கேட்டது.

அவனைக் கொண்டுபோன பிறகு ஏசுதாஸ் அவளருகே வந்தார்.

"நீங்க போலாம்மா. ஒண்ணு கேக்கட்டுமா? நிஜமாவே அவ்வளவு குடிச்சுதா வண்டி?"

ரேணுகா தலையசைத்தாள். இல்லை என்று.

"பின்ன ஏன் மணிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னா சார் பேசறது?"

ஏசுதாஸ் எல்லப்பனிடம் டீ சொல்லச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

தீனதயாளன் ரிமாண்டில் புழல் சிறைக்குப் போனான். ரேணுகா பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். கார் சாட்சிப் பொருளாக ஸ்டேஷன் பின்புறம், மரத்தடியில் நிற்கிறது. அங்கே ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிப்பதில்லை.