புதன்கிழமை மூச்சு வகுப்பு

"இனிக் கண்களைத் திறக்கலாம்" என்ற குரல் கேட்டுக் கோணேஸ்வரி கண் திறந்தபோது, நேர் எதிரே அந்தக் கண்கள் இருந்தன. கருகருவென்று... கொஞ்சம் களைத்து... எதையோ கேட்கத் தயங்குவது போல. அதுவரை ஒழுங்காக மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு எண்ணிக்கை தவறிப்போனது.

1986 ஒக்டோபர். கனடாவில், ரொறொன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் ரேடியோவுக்குக் கம்பி பொருத்தும் தொழிற்சாலை. ஊழியர்கள் தலையிடி, மனச்சோர்வு என்று அடிக்கடி லீவு எடுக்கவே, புதன்தோறும் சாப்பாட்டு நேரத்தில் மன அமைதி வகுப்பு வைத்தது நிர்வாகம். மொத்தம் ஆறு வகுப்பு. இது நாலாவது. நடத்த வந்த பேர்ணடெற் நல்ல மனுசி. முதலில் மூச்சுப் பயிற்சி. பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மனப்பாரத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் பதில் பேசாமல் கேட்க வேண்டும்.

"எந்த மொழியிலும் சொல்லலாம். மற்றவருக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை," என்றார் பேர்ணடெற்.

முதல்முறையாக அவளுக்கு எதிரே வந்திருந்தவனின் சட்டையில் 'சாம்' என்று பெயர் அட்டை. சரி, இந்திய வம்சாவளிக் கயானாக்காரன் என்று முடிவு கட்டினாள் கோணேஸ்வரி. ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் மூன்று முறை ஏமாந்தவள் அவள். நம்மவர் முகம் என்று ஓடிப்போய் "நீங்கள் தமிழோ?" என்று கேட்பாள், கயானா என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். நாலாம் முறையும் ஏமாற அவளுக்குத் தெம்பில்லை. அதனால் கேட்கவேயில்லை... தமிழிலேயே கொட்டத் தொடங்கினாள்.

"நான் திருகோணமலை. அண்ணையோட இங்க டோர்செட் பார்க் பக்கம் ஒரு வீட்டில இருக்கிறன். அவருக்கு இரவு வேலை... நான் வீட்ட போக முதலே வெளிக்கிட்டிடுவார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய் திறந்து தமிழ் கதைக்கிறன். குரல் இருக்கோ எண்டு பாக்க, குளிக்கேக்க என்ர பேரை நானே கூப்பிட்டுப் பாப்பன்..." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, அதாலதான் சொல்லுறன். உங்கட கண்ணைப் பாத்தா எல்லாத்தையும் சொல்லலாம் போல கிடக்கு. நல்ல வடிவான கண்."

அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பு முடிந்ததும் அவளைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மாலை நல்ல மழை. பஸ் தரிப்பில் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க... பஸ் தண்ணியை வாரி அடிச்சுட்டுப் போகும்."

திரும்பினாள். அதே கண்கள்.

"நீங்கள்... தமிழோ?"

"ஆமாங்க. மதுரை. பேரு ஸ்ரீநிவாசன். இங்க யார் வாயிலயும் நுழையலை, சாம்னு ஆக்கிட்டாங்க."

"அப்ப நேற்று நான் சொன்னது..."

"எல்லாம் புரிஞ்சுது."

கோணேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. "விளங்குது எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? நல்லா வேடிக்கை பாத்திருக்கிறியள்." அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் நிற்கவில்லை. அடுத்த தரிப்புவரை மழையிலேயே நடந்தாள்.

ஐந்தாவது வகுப்புக்கு அவள் போகவில்லை. தன் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்து ஆறிய சோற்றை உண்டாள். ரோசம் பெரிய துணையா என்ன? அந்த வாரம் முழுக்க அவளோடு ஒருவரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரு தடவை மனதைத் திறந்து சொல்லிவிட்ட பிறகு, பழைய தனிமையே இரண்டு மடங்கு கனத்தது.

கடைசிப் புதன்கிழமை. மூச்சுப் பயிற்சிக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு போனாள். அவனுக்கு எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்தாள்.

இந்த முறை சொல்ல வேண்டியவன் அவன்.

"உங்களை வேடிக்கை பாக்கலைங்க," என்றான் மெதுவாக. "எட்டு மாசமா நான் தனி ரூம்ல இருக்கேன். யாரும் எங்கிட்ட அவ்வளவு பக்கத்துல உக்காந்து தமிழ் பேசினதில்லை. புரியுதுன்னு சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். நீங்க நிறுத்தக்கூடாதுன்னு... சுயநலம்தான். தப்புதான். போன வாரம் நீங்க வரலை. நான் பேச ஆளில்லாம தவிச்சேன்னு நினைக்காதீங்க... நீங்க இல்லாமதான் தவிச்சேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்லக்கூடாது என்பது விதி... கையைப் பிசைந்தபடி இருந்தாள்.

பேர்ணடெற் எல்லோருக்கும் நன்றி சொல்லி வகுப்பை முடித்தார். ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். அவனும் எழுந்தான்.

"இருங்கோ," என்றாள் கோணேஸ்வரி. "இனிப் புதன்கிழமை வகுப்பு இல்லை... எனக்கு ஒவ்வொரு நாளும் கதைக்கவேணும். வேற ஆரோடயும் இல்லை, உங்களோடதான். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். "ஆனா இனி நான் கதைச்சா, நீங்கள் பதில் சொல்லவேணும்."