தண்ணீர் குடிக்காத ரிப்பன்

மாடிவீட்டுச் சிறுமி பட்டாணிக்கு உலகத்திலேயே ஒரே ஓர் ஆளிடம்தான் பயம். கீழ்வீட்டுப் பி.டி. சார். அவர் மைதானத்தில் கால் வைத்தால் போதும், அடங்காத வாலுகள்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

அந்த சார் வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பிய அன்று, தயிர் டப்பாக்களில் வளர்த்த நாலு தக்காளிக் கன்றுகளோடு வந்து நின்றார்.

"மூணு தடவை விதை போட்டேன். இப்பதான் முளைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் தண்ணி ஊத்துவியா?"

பட்டாணியின் தலை தானாக ஆடியது.

இரண்டே நாளில் சித்தி வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அம்மாவும் பட்டாணியும் சித்தி வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

பட்டாணி மூளையைக் கசக்கினாள். பள்ளியில் செய்து காட்டிய ஒரு வேலை நினைவுக்கு வந்தது. காலி தண்ணீர் பாட்டில்களை அம்மா இரண்டாக வெட்டிக் கொடுத்தாள். பட்டாணி மேல்பாதியைத் தலைகீழாகத் திருப்பிக் கீழ்ப்பாதிக்குள் செருகினாள். மேலே ஈரமண்ணும் கன்றும், கீழே தண்ணீர். மூடியில் ஓர் ஓட்டை போட்டு அதில் ஒரு திரி. தண்ணீர் திரி வழியாக ஏறி மண்ணுக்குப் போய்விடும்.

"திரிக்குப் பழைய துணியக் கிழிச்சுக்கோ," என்றாள் அம்மா.

"ஐயே, அசிங்கமா இருக்கும்மா!" பட்டாணி தன் சிவப்பு ரிப்பனை நாலாக வெட்டிப் போட்டாள். அழகென்றால் அப்படி ஓர் அழகு! நாலையும் சாரின் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வைத்து, ஒரு சீட்டும் ஒட்டினாள். 'தண்ணீர் ஊற்ற வேண்டாம். தானே குடித்துக்கொள்ளும்.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தியின் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. பட்டாணி கையில் கிடைத்த துப்பட்டாவால் தரையைத் துடைத்தாள். தண்ணீர் அங்குமிங்கும் ஓடியதே தவிர, குறையவே இல்லை.

"அது நைலான்டி, எங்க தண்ணி குடிக்கும்? பருத்தித் துணிய எடு," என்று சிரித்தாள் சித்தி.

பட்டாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரிப்பனும் நைலான்தான். மூன்று நாளாக வெயில். கன்றுகள் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்காது!

சார் இந்நேரம் ஊர் திரும்பியிருப்பார். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? வெயிலில் வாடிவிட்டன என்று சார் நினைத்துக்கொள்வார். ஆனால் கீழே தண்ணீர் நிறைய இருப்பதைப் பார்ப்பார். சீட்டையும் படிப்பார். அதை நம்பி அவரும் தண்ணீர் ஊற்ற மாட்டார். உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் கன்றும் செத்துப்போகும்.

"அம்மா, சாருக்குப் போன் போடு."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நான்தானே ரிப்பன் போட்டேன்."

மணி அடித்ததும் பட்டாணி மைதானத்தில் நிற்பதுபோல் விறைப்பாக எழுந்து நின்றாள்.

"யாரு?" என்று அதட்டியது அந்தக் குரல்.

"நான்... மாடிவீட்டுப் பட்டாணி சார். நான் தப்புப் பண்ணிட்டேன்." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அந்தப் பக்கம் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"நாலும் தலை தொங்கிக் கிடக்கே," என்றார் சார். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"மொதல்ல மேல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க சார். வீட்டுல பருத்தித் துணி ஏதாவது இருக்கா?"

"என் பனியன்தான் இருக்கு. புதுசு."

கத்தரிக்கோல் கரக் கரக்கென்று ஓடியது.

"மேல்பாதியத் தூக்கி ரிப்பனை உருவிட்டு, மூடியில இருக்குற ஓட்டை வழியா பென்சிலால துணியக் குத்தி மண்ணுக்குள்ள தள்ளுங்க... ஐயோ, அவசரப்படாதீங்க! துணிய நனைச்சிட்டுத் தள்ளுங்க!"

சொன்ன பிறகுதான் யாரை அதட்டினோம் என்று உறைத்தது. பட்டாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நனைச்சிட்டேம்மா," என்றது குரல், பூனைக்குட்டி மாதிரி. "நாலும் போட்டாச்சு. பட்டாணி, போனை வச்சுடாதே. இதுங்க தலை தூக்குறவரைக்கும் பேசிக்கிட்டே இரு. எனக்குப் பயமா இருக்கு."

பட்டாணி சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க சார். நான் இருக்கேன்ல?"