பேட்டரி இறங்காமல் இருக்க

மாயாண்டி உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். நாற்பத்தைந்து வயது ஆள் துபாய் இன்சூரன்ஸ் ஆபீசில் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பிரீமியம் போன வருசத்தைவிட மூணு மடங்கு, பாய். ராஸ் அல் கைமாவுல என் கார் சிவப்பு சிக்னலைத் தாண்டி கேமராவுல மாட்டுச்சாம், ஓட்டினது நானாம். அன்னைக்கு நான் லீவுல பரமக்குடியில இருந்தேன்."

பாஸ்போர்ட் முத்திரையும் அதையே சொன்னது. வியாழக்கிழமைக்குள் இன்சூரன்ஸ் இல்லையென்றால் காரின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. கார் இல்லையென்றால் அவருக்கு டிரைவர் வேலையும் இல்லை.

கம்பெனியின் விசாரணை அதிகாரி செய்கு முகம்மது குரலை உயர்த்தாதவர். இரக்கப்பட்டும் யாரும் அவரைப் பார்த்ததில்லை. "அஜ்மான் விலாசம், தினமும் துபாய் ரோடு. அதுக்கே ரேட் கூடுதல். அதுக்கு மேல இது வேற. கார் எங்க இருந்துச்சு?"

"ரூம் வாசல்ல. லைசென்ஸ் டேஷ்போர்டுல. ரூம்ல என்கூட ரெண்டு பேர். பீங்கான் பேக்டரி பர்னபாஸுக்கு லைசென்ஸ் இருக்கு. வீரபாண்டி அஞ்சு தடவை டெஸ்ட்ல பெயில்."

உதவியாளன் முத்துராமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பர்னபாஸ்தான், பாய். அந்த பேக்டரி ராஸ் அல் கைமாவுலதான இருக்கு. நடந்தது வெள்ளிக்கிழமை காலை. சர்ச் ஞாயித்துக்கிழமைதானே, அன்னைக்குச் சும்மாதான இருந்திருப்பான்?"

"இந்த ஊர்ல வெள்ளிக்கிழமைதான் லீவு, சர்ச் பூசையும் அன்னைக்குத்தான், தம்பி. அபராத ரசீதைப் பாரு. மாயாண்டி லைசென்ஸைக் காட்டி மறுநாளே கட்டியாச்சு."

மாலை அஜ்மான் அறையில் மூவரும் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். செய்கு முகம்மது நின்றபடியே பேசினார்.

"பர்னபாஸ் அன்னைக்கு ஷார்ஜா சர்ச்சுல பாடிக்கிட்டிருந்தார், விசாரிச்சாச்சு. இங்க கார் பதிவைப் புதுப்பிக்கிற நாளுக்கு முன்னாடி எவன் அபராதம் கட்டுவான்? லைசென்ஸ் உள்ளவன் மாயாண்டி வர்ற வரைக்கும் காத்திருப்பான். இல்லாதவன் மாட்டினா ஜெயில், அப்புறம் ஊருக்கு அனுப்பிடுவாங்க. அவன்தான் டேஷ்போர்டு லைசென்ஸை எடுத்துக்கிட்டு கவுண்டருக்கு ஓடுவான்."

வீரபாண்டி தலையைக் குனிந்தான். "ஓட்டிப் பழகினா டெஸ்ட் பாஸாயிடலாம்னு நெனச்சேன்ணே."

மாயாண்டியின் முகம் தெளிந்தது. பாவம், அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

"சாவியை இவனுக்கு யார் கொடுத்தது?" என்றார் செய்கு முகம்மது.

"நான்தான், பாய். லீவுக்குப் போறப்ப எல்லாரும் கொடுக்கிறதுதான். பேட்டரி இறங்கிடாம வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுன்னு."

செய்கு முகம்மது எழுத ஆரம்பித்தார். "லைசென்ஸ் இல்லாதவன்னு தெரிஞ்சே காரை ஒப்படைச்சிருக்கீங்க. கம்பெனி எந்த ரேட்டுக்கும் எடுக்காது. மத்த கம்பெனியும் எங்க ரிப்போர்ட்டைத்தான் முதல்ல கேக்கும்."

"மூணு மடங்கே கட்டிடறேன், பாய். எழுதாதீங்க."

"எழுதியாச்சு."

படியிறங்கும்போது முத்துராமன் கேட்டான். "அவராத்தானே பாய் நம்மகிட்ட வந்தாரு?"

"ஆமா. வராம இருந்திருந்தா வண்டி ஓடிக்கிட்டிருக்கும்."