முகூர்த்த நாள் தூரம்

வெண்முனைத் தீவில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நம்புராஜன் விமானம் ஏறினான். பாதி குடிப்பதற்குள் செங்கரிசல் விமான நிலையம் வந்துவிட்டது. தெற்குப் பனிக்கடலில் கிடக்கும் அந்தத் தீவுக்கும் இந்த ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டுக்கும் நடுவே பதினோராயிரம் கிலோமீட்டர். முன்பெல்லாம் நாலு விமானம் மாறி, இடுப்பு கழன்று வந்து சேர இரண்டு நாளாகும்.

இப்போது அதை நிமிடங்களாகச் சுருக்கிய தூரமடிப்பானை வடிவமைத்தவனே அவன்தான். தூரத்தை அழிக்க முடியாது. ஓரிடத்தில் மடித்தால் இன்னோரிடத்தில் கொஞ்சம் விரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் விழும், சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும். அதைக் கொட்ட அவன் காட்டிய இடம் நிலையத்தைச் சுற்றியிருந்த காடு. "அங்க யாரு இருக்கா?" என்று திட்டக் கூட்டத்தில் அலட்சியமாகக் கேட்டதும் அவனே. காட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவன் தங்கை காளீஸ்வரியின் வீடு.

இன்று அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. சட்டைப் பையில் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாடகைக் காருக்குப் போனான்.

"ஏறுங்க சார். ஆனா இன்னைக்குப் போய்ச் சேருவோம்னு சொல்ல மாட்டேன்" என்றார் ஓட்டுநர் ஜகுபர்.

"எட்டு கிலோமீட்டர்தானண்ணே?"

"அது நேத்து. இன்னைக்கு முகூர்த்தம்ல? ஒலகத்துல உள்ள மாமன் மச்சான் பூராம் வந்து எறங்குறாங்க."

அவர் காட்டிய மின்பலகையில் தங்கையின் ஊர் நானூற்றுப் பத்து கிலோமீட்டர் என்றிருந்தது. இன்னொரு விமானம் இறங்கியது. நானூற்றுப் பன்னிரண்டு.

நம்புராஜன் கணக்குப் போட்டுப் பார்த்தான்: காலையிலிருந்து இருநூறு விமானத்துக்கு மேல். சோதனை ஓட்டம் முழுவதையும் ஆடியில் நடத்தியிருந்தார்கள். அந்த மாதத்தில்தான் நிலையம் சும்மா கிடந்தது. ஏன் சும்மா கிடந்தது என்று, இத்தனை தமிழர்கள் இருந்த குழுவில், ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கைபேசி அடித்தது.

"அண்ணே, எங்கண்ணே இருக்க?"

"ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன்த்தா."

"அப்பறம் என்ன, வாண்ணே! பிள்ளைய மொட்டையடிச்சு உக்கார வச்சிருக்கேன்."

அவன் பலகையைப் பார்த்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "என்னால வர முடியாது தாயி. தூரமாயிருச்சு."

"பக்கத்து வீட்டுப் பாண்டியண்ணன் நடந்தே வந்திருக்காக. அவுக மடியில வைக்கவா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"வையித்தா."

வீறிட்டு அழுத குழந்தையின் குரல் கைபேசியில், பக்கத்தில் கேட்பதுபோல் தெளிவாகக் கேட்டது. அவனும் அழுதான்.

"என்ன சார், கெளம்பலாமா?" என்றார் ஜகுபர்.

பின்னால் வெண்முனை விமானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த காபி இன்னும் ஆறவில்லை.