வாய் திறந்த நித்திரை

சோழகக் காற்று கூரைத் தகரத்தைத் தட்டி முற்றத்து மணலை வாரியிறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நித்திரையால் எழும்பிய பிரான்சிஸ்காவுக்கு வாய் காயாமல் இருந்தது.

அவளுக்கு அது நடக்காத காரியம். மூக்கு இரண்டும் அடைத்து வருசக்கணக்காகிவிட்டது. உள்ளே சதை வளர்ந்திருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நெஞ்சுக்குத் தைலம் பூசி, தலையணைகளை உயர்த்திவைத்து, வாயைப் பிளந்தபடிதான் படுப்பாள். எழும்பும்போது நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும், உதடு வெடித்திருக்கும், தண்ணீர் குடித்தால்தான் குரலே வரும். அன்றைக்கு நாக்கு ஈரமாக இருந்தது. நெடுநேரம் யாரோடோ கதைத்து ஓய்ந்த மாதிரி அதில் ஒரு களைப்பும் இருந்தது.

பக்கத்தில் அவள் புருசன் லெம்பேட் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தான். இரவு கடலுக்குப் போய்வந்து மத்தியானத்தில் படுக்கிற மனுசன். அவளுடைய குறட்டைக்குச் சலித்துச் சுவர்ப்பக்கமே திரும்பிப் படுப்பவன். அவள் கண் திறந்ததும் அவன் முகத்துச் சிரிப்பு அணைந்துபோனது.

பின்னேரம் அவனுடைய தங்கை டினோஜா அடுத்த வளவிலிருந்து கருவாடு அள்ள உதவிக்கு வந்தாள். கடகப்பெட்டி எடுக்க அறைக்குள் போனவள் அங்கேயே நின்றாள்.

"என்ன மச்சாள், அறை முழுக்கத் தோடம்பழம் மணக்குது! ஒளிச்சு வைச்சுத் தனியச் சாப்பிட்டனீங்களோ?"

வீட்டில் தோடம்பழம் இல்லை. பிரான்சிஸ்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். முற்றத்தில் காயும் கருவாடே மணக்காத மூக்கு அது.

அப்படியென்றால் ஒருத்தி வருகிறாள். தான் விசரி மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது, அதே கட்டிலில் குந்தியிருந்து, தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகத் தன் புருசனுக்கு ஊட்டுகிறாள். அவன் உடுத்துக் களைந்த சாரத்தை உதறிப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் தோல் கிடக்கிறதா என்று தேடினாள். அடுத்தடுத்த நாள்களில் அவன் படுக்கப் போகுமுன் சவரம் செய்யத் தொடங்கினான், சீப்பால் தலை இழுத்தான், தோய்த்த சேட்டுப் போட்டான். மாதா கோயில் திருநாளுக்குக்கூடத் தனக்காக அவன் அப்படி வெளிக்கிட்டதில்லை என்று நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. நித்திரைபோல நடித்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. ஆனால் எப்படியோ கண் சொருகிவிடும். எழும்பினால் நாக்கில் அதே ஈரம்.

கடைசியில் டினோஜாவிடமே கேட்டாள். "மத்தியானத்தில எங்கட வீட்டுக்கு ஆரும் பொம்பிளை வந்து போறதைக் கண்டனியோ?"

"இல்லையே மச்சாள். நீங்கள் கதைச்சுச் சிரிக்கிறதுதான் வேலிக்கு இஞ்சாலையும் கேட்கும்."

"நானோ?"

"ஓம், உங்கட குரல்தான். ஆனா மூக்கடைப்பு இல்லாம நல்ல வடிவாக் கேட்கும். அண்ணாக்கும் சரியான புளுகம், சந்தோசத்தில சிரிச்சுக்கொண்டே இருப்பார்."

லெம்பேட் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். அவள் போய் முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் அவள்?"

"ஆர்? நீதான். நித்திரையில கதைப்பாய்." ஊசி நின்றது. கலியாணமான புதிதில்கூட அவள் காணாத ஒரு வெட்கம் அவன் முகத்தில் ஏறியது. "வாயை மட்டும் மூடிப்போடாதை, பிரான்சி. பிறகு அவள் வரமாட்டாள்."

அவள்.

பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. தன்னுடைய வாய், தன்னுடைய நாக்கு. தனக்குக் கிடைக்காத சிரிப்பு.

மறுநாள் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவினாள். நொச்சியிலை போட்டுக் கொதித்த தண்ணீரின் ஆவியில் வேது பிடித்தாள். ஆஸ்பத்திரி மருந்தையும் மூக்குக்குள் விசிறினாள். ஒரு துவாரம் நூலளவு திறந்தது. அது போதும். லெம்பேட் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பிளாஸ்டரைக் கிழித்து உதடுகளின்மேல் அழுத்தி ஒட்டிவிட்டுப் படுத்தாள். இனி எப்படி வருகிறாள் பார்ப்போம்.

காற்று மெல்லமெல்ல உள்ளே போனது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ஒரு வாசம் தெரிந்தது.

தோடம்பழம்.

அறையில் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து.

கை தூக்கப் பார்த்தாள். வரவில்லை. காலும் வரவில்லை. கண் மட்டும் திறந்தது.

நாக்கு அசைந்தது. அவள் அசைக்கவில்லை. பல்லுக்கு வெளியே வந்து பிளாஸ்டரைத் தடவியது. தள்ளியது. பிளாஸ்டர் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

கட்டில் முனகியது. சவர்க்கார ஈரத்தோடு லெம்பேட்டின் முகம் குனிந்து வந்தது. அவன் நகம் பிளாஸ்டரின் மூலையைக் கிளப்பியது.

"மெல்ல, மெல்ல," என்றான். "இந்தா எடுக்கிறன்."

அவளிடம் சொல்லவில்லை. கண்ணீர் வழியும் அவள் கண்களை அவன் பார்க்கவேயில்லை. ஆசையோடு, திறந்துகொண்டிருக்கும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனைப் பார்த்துச் சிரித்தது.