சாதுவால் ஓட முடியாது

கடையில் போன் அலறியது.

கம்ப்யூட்டர் கடையின் சொந்தக்காரி, ஒரு கையால் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தபடியே மறு கையால் எடுத்தாள்.

"அத்தை, நான்தான்..."

மருமகள். வீட்டில்தான் மருமகள். வெளியே இன்ஸ்பெக்டர்.

"ஒரு எடிட்டிங் ரூம்ல ஆள் விழுந்து கிடக்கான். பக்கத்துல ஹார்ட் டிஸ்க்கோட காலி டப்பா. நம்ம கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு."

"உயிர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப டப்பாவைப் பத்திச் சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் அத்தை கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, பையோடு கிளம்பிவிட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை. இரண்டு மானிட்டர். ஒரு சோபா. அதில் இன்ஸ்பெக்டர். தலையில் கட்டோடு நாற்காலியில் சினிமா எடிட்டர். கூண்டுப் புலி மாதிரி குறுக்கும் நெடுக்கும் தயாரிப்பாளர்.

எடிட்டர் நடந்ததைச் சொன்னான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, முழுப் படத்தையும் வேலை டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்குக் காப்பி போட்டானாம். மாலை காபிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். இரண்டு டிஸ்க்கையும் கழற்றி மேஜையில் வைத்தபோது, பின்னாலிருந்து மண்டையில் ஓர் அடி. கண் விழித்தால் மேஜைக்கு அடியில் கிடக்கிறான். டிஸ்க் இரண்டையும் காணோம்.

படத்துக்கு வேறு பிரதி கிடையாது. மூன்றாவதாக இன்னொரு டிஸ்க் வாங்குவது தண்டச் செலவு என்பது தயாரிப்பாளரின் கொள்கை. வெளியீட்டுக்கு நாள் குறித்து போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது.

திருடன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இயக்குநர்தான். இரண்டு பாட்டை வெட்டச் சொன்னதற்கு, காலையில்தான் அந்த ஆள், "படம் வெளிய வர விடமாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தார். இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, எடுத்த படத்தை நானே எதுக்குத் திருடணும் என்று போகிற வருகிற போலீஸ்காரர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது சாதுவாச்சே."

"யாரு?" என்றார் தயாரிப்பாளர்.

அத்தை பையிலிருந்து இரண்டு டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரே கம்பெனி. ஒரே கொள்ளளவு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் குணம் வேறு. ஒருத்தன் மெதுவாகச் சுற்றுவான். சத்தம் போட மாட்டான், சூடாக மாட்டான், கரண்டும் அதிகம் தின்ன மாட்டான். பழைய போட்டோவையும் பாட்டையும் போட்டு வைக்க அவனை மாதிரி தங்கமான பிள்ளை கிடையாது. அவன்தான் சாது. இன்னொருத்தன் வேகமாகச் சுற்றுவான், கரகரவென்று இரைவான், தொட்டால் சுடுவான். வேலை என்று வந்தால் பறப்பான். அவன் முரடன். வீடியோ வெட்ட முரடனை வாங்குங்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும், விலை குறைவு என்று சாதுவை வாங்கிப் போனவர் இதோ நிற்கிற தயாரிப்பாளரேதான்.

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி, உன் மெஷின்ல பெரிசா ஏதாவது ஃபைல் இருக்கா?"

ஒரு பாட்டு மட்டும் இருந்தது. அத்தை அதை முதலில் முரடனுக்கு அனுப்பினாள். தயாரிப்பாளர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஏறிவிட்டது. பிறகு சாதுவுக்கு. அவர் இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டு, பாத்ரூமுக்கும் போய்விட்டு வந்தார்.

அப்போதுதான் முடிந்தது.

"இது காலி டிஸ்க்ல. நிரம்ப நிரம்ப இன்னும் நிதானமாயிடுவான்" என்றாள் அத்தை. "மொத்தப் படமும் சாதுல ஏறணும்னா விடிஞ்சிடும். நீ காபிக்கு முன்னாடியே முடிச்சேன்ங்கிற... எப்படிப்பா?"

எடிட்டர் தலைக்கட்டைத் தடவினான்.

இன்ஸ்பெக்டர் சோபாவிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். பார்த்தாள். அவ்வளவுதான்.

"யாரும் அடிக்கலைங்க..." அவன் குரல் உடைந்தது. "புது டிஸ்க்கை ஃபார்மட் பண்றதுக்குப் பதிலா... வேலை டிஸ்க்கை பண்ணிட்டேன்."

எட்டு மாத உழைப்பு. ஒரு தப்பான க்ளிக்கில் மொத்தமும் அழிந்துவிட்டது. சொன்னால் இந்த ஜென்மத்தில் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று பயந்து, இரண்டு டிஸ்க்கையும் ஒளித்துவிட்டு மயங்கினவன் மாதிரி படுத்துக்கொண்டானாம். மேஜைக்கு அடியில் நுழையும்போது மண்டை இடித்தது மட்டும் நிஜமாம்.

"டிஸ்க் எங்கே?"

அவன் தயங்கினான்.

"மேடம்... கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?"

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். சோபா மெத்தைக்கு அடியில் இரண்டும் பத்திரமாக இருந்தன.

தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மெத்தையிலேயே சரிந்தார். அத்தை வேலை டிஸ்க்கைக் கையில் வாங்கினாள்.

"இதுக்கு மேல வேற எதையாவது ஏத்தினியா?"

"இல்லைங்க. தொடவே பயமா இருந்துச்சு."

"பிழைச்ச. ஃபார்மட்னா வாசல்ல இருக்கிற பெயர்ப் பலகையைக் கழட்டுறது. வீடு உள்ள அப்படியேதான் இருக்கும்."

அன்று ராத்திரியும் மறுநாளும் மெஷின் ஓடியது. ஒவ்வொரு காட்சியாகப் படம் திரும்பி வந்தது. எடிட்டர் குழந்தை மாதிரி அழுதான். இயக்குநர் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்தார். தயாரிப்பாளர் அவரைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். எடிட்டர் மேல் பொய்ப் புகார் வழக்கு வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் தயாரிப்பாளரே கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் எடிட்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டாள்.

அதே சந்தோஷத்தில் எல்லாரும் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்கள். ஹீரோ, தயாரிப்பாளரின் சொந்த மாப்பிள்ளை.

இடைவேளை வந்தது.

யாரும் கை தட்டவில்லை. இயக்குநர் மட்டும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தயாரிப்பாளர் வாயைப் பெரிதாகத் திறந்து மூடிவிட்டு, அத்தையின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"ஏம்மா... இதை மறுபடி ஃபார்மட் பண்ணணும்னா முரடனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சாதுவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அந்த ஒரு வேலையில மட்டும் அண்ணன் தம்பி வித்தியாசமே கிடையாதுங்க" என்றாள் அத்தை. "இப்ப விட்டீங்களே ஒரு கொட்டாவி... அந்த நேரம் போதும்."