நிறமில்லாத முன்கதை

துப்பறிவாளரின் மேசைமேல் ஒரு நாவலை வைத்துவிட்டு, "இதை எழுதினவரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க," என்றாள் ஒரு பேருந்து நடத்துநர். "என் பஸ்ல யாரோ பயணி சீட்டுல விட்டுட்டுப் போனது. புனைபெயர்ல எழுதியிருக்காங்க. பதிப்பாளர் வாயே திறக்க மாட்டேங்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன என் அண்ணன்தான் எழுதியிருக்கணும்."

துப்பறிவாளர் புத்தகத்தைப் பிரித்தார். முதல் அத்தியாயமே முன்கதை. மாடி வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. தட்டு உருளுகிறது. அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு மகன் படியிறங்குகிறான். மேலே கதவு சாத்தப்படுகிறது. அடுத்த அத்தியாயம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

"அண்ணன் வீட்டை விட்டுப் போன ராத்திரி இது. அன்னிக்கு வீட்ல நாங்க மூணு பேர்தான். அப்பாவும் தவறிட்டார். வேற யாருக்குத் தெரியும்?" பகலெல்லாம் நெரிசலில் நின்றாலும், வீடு திரும்பினால் 'வந்துட்டியா' என்று கேட்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை.

"அண்ணனேதான்!" என்று துள்ளினார் உதவியாளர். எல்லோரும் அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "கதவு சாத்தின இடத்துல சட்டுன்னு நிறுத்திட்டார் பாருங்க. உள்ளே என்ன நடந்துச்சுன்னு தெரியாம யாராவது புத்தகத்தைக் கீழே வைப்பாங்களா? நாவல்காரங்க வழக்கமாப் போடுற தூண்டில்."

"தூண்டில்தான். ஆனா தெரிஞ்சு மறைக்கிறாரா, தெரியாம நிறுத்துறாரா?" துப்பறிவாளர் அவள் பக்கம் திரும்பினார். "அண்ணன் அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தார்?"

"மஞ்சள். இன்னும் கண்ணுலேயே நிக்குது."

"இந்த முன்கதையில ஒரு நிறம் இல்ல, ஒரு முகம் இல்ல. எல்லாமே சத்தம். இன்னொண்ணு, தங்கச்சி மத்தியானமெல்லாம் தனியா பந்து தட்டுவாள்னு இருக்கு. தட்டினீங்களா?"

"எங்கிட்டப் பந்தே கிடையாது. கயிறு தாண்டுவேன்."

"கூடவே வளர்ந்த அண்ணனுக்கு அது தெரியாதா? தரைக்குக் கீழே இருந்து கேட்டவருக்குத்தான் ரெண்டும் ஒரே 'தொம் தொம்'. கீழ் வீட்ல யார் இருந்தாங்க?"

அவள் முகம் வாடிவிட்டது. "அச்சகத்துல பிழை திருத்துறவர். தனி ஆள். நாங்க பேசினதே இல்ல."

மூவரும் தேடிப் போனபோது, பிழை திருத்துபவர் இன்னும் அதே கீழ் வீட்டில்தான் இருந்தார். அவள் யாரென்று சொன்னதும் கதவை அகலத் திறந்தார்.

"நீயும் அப்பாவும் வீட்டைக் காலி பண்ணின பிறகு உன் அண்ணன் வந்தான்மா. பூட்டின கதவைத் தட்டிட்டே நின்னான். உடம்பு முடியல. இங்கேயே தங்கிட்டான். விசாரிக்காத இடமில்ல, உன் தடமே கிடைக்கல. இந்தப் புத்தகத்தை எங்கேயாவது நீ பிரிச்சா முதல் பக்கமே பிடிச்சு நிறுத்தட்டும்னுதான் அந்த ராத்திரியை முன்னாடி வெச்சேன். ஊரை இழுக்க இல்ல, உன் ஒருத்தியை இழுக்கத்தான். அவன்கிட்டக் கேக்க மனசு வரல, அன்னிக்குக் கீழே எனக்குக் கேட்டதை வெச்சே எழுதினேன்; ஒட்டுக்கேட்டதுங்கிற கூச்சத்துல என் பேரை வெளியிட வேண்டாம்னுட்டேன். அச்சாகி வர்றதுக்குள்ள அவன்..."

காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார்.

கட்டிலைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். "கதவு சாத்தின பிறகு என்ன ஆச்சுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"அப்பா நிம்மதியாப் படுத்துட்டார்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தான். எனக்கும் அதுக்கப்புறம் ஒரு சத்தமும் கேக்கல."

"அப்பா படுக்கவே இல்ல. தாழ்ப்பாள்ல கை வெச்சபடி விடிய விடிய நின்னார். துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதார்."

'அவசரம்' ஏதோ சொல்ல வாயெடுத்தார். துப்பறிவாளர் அவர் முழங்கையைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். உள்ளே, பிழை திருத்துபவர் கட்டிலின் ஒரு முனையில் மெல்ல உட்கார்ந்தார். மறுமுனையில் அவளும் உட்கார்ந்தாள்.